உப்புவெளி வீட்டில் கட்டில் போடலாமா?

உப்புவெளி ஆசிரியை:
திருகோணமலை உப்புவெளியில், எங்கள் ஒழுங்கையில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் நான்கு அறை வீடு ஒன்றை, பிள்ளைகளுக்குப் பயன்படும் எந்த வேலைக்கென்றாலும் வாடகையின்றித் தருவதாகக் கனடாவில் இருக்கும் அதன் உரிமையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அடியும் பட்டினியும் படுகிற, பார்க்க ஆளில்லாத பிள்ளைகள் பத்துப் பேர் தங்கக்கூடிய காப்பகமாக அதை நாமே நடத்த வேண்டும் என்று கேட்கிறேன். சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி ஈரச் சட்டையோடு வருவாள். இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. இரவில் தானே தோய்த்து, விடிய எடுத்துப் போட்டுக்கொள்வாள். முதலாம் பாடம் முடியும்வரை கழுத்துப்பட்டி காயாது. அந்த ஈரத்துணி உடம்போடு ஒட்டியதால்தான் அவள் தோளில் அடிபட்டுக் கன்றியிருந்த கண்டலை ஒருநாள் கண்டேன். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தகப்பன் பொழுதுபட்டால் நிதானத்தில் இருப்பதில்லை. முறைப்பாடு செய்தோம், ஆனால் அன்றிரவு அவள் எங்கே படுப்பது என்று முடிவாவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

நன்னடத்தைத் துறையில் இருந்தவர்:
ரீச்சர், உங்கள் வேதனை எனக்குப் புதிதன்று. ஆயினும் பத்துக் கட்டில் வேண்டாம் என்றே சொல்வேன். போரும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடலும் கிழக்கில் பல சிறுவர் இல்லங்கள் தோன்றக் காரணமாயின. சில மாதங்களுக்கென்று வந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை அங்கேயே இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். கட்டிலும் சோறும் படிப்பும் கிடைக்கும் என்று பெற்றவர்களே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகள் சொல்வது இதைக் கருதித்தான். மேலும், மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதியாமல் இல்லம் நடத்தவும், நீதவானின் கட்டளையின்றிப் பிள்ளையை நம் விருப்பத்துக்குத் தங்கவைக்கவும் முடியாது.

அதே வீட்டைப் பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு எட்டு மணிவரை திறந்து வைப்போம். சோறு, வீட்டுப்பாடம், குளிக்க ஒரு கிணற்றடி, சட்டை காயப்போட ஒரு கொடி, பிள்ளையின் முகத்தைப் பார்த்தே மாற்றத்தை அறியக்கூடிய இரண்டு பெரியவர்கள் இருந்தால், கண்டல் விழுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். தகப்பனின் குடிப்பழக்கத்துக்கும், பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மாவின் தள்ளாமைக்கும் வேண்டிய உதவியையும் அங்கிருந்தே தேடலாம்.

மூதூர்வாசி:
வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ அடிபடும் பிள்ளைக்கு உப்புவெளியில் திறக்கும் கதவால் என்ன பயன்? பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுபோனால் பள்ளியும் கூட்டாளிகளும் ஒரே நாளில் அற்றுப்போகும். ஊருக்கு ஊர் சிறியதாக அமைவதே நல்லது. இது முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் மாவட்டம். பிள்ளையின் மொழி, உணவு, தொழுகை எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க முடியுமா என்பதையும் முதலிலேயே பேச வேண்டும்.

துறைமுக வீதிவாசி:
பணத்தைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டு உறவுகள் கட்டடத்துக்கும் பிறந்தநாள் சாப்பாட்டுக்கும் மனமுவந்து தருவார்கள். இரவில் விழித்திருக்கும் பெண்ணின் மாதச் சம்பளத்துக்குத் தருவோர் குறைவு. யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாட வைத்து, படம் எடுத்து அனுப்பும் வழக்கம் இந்த வீட்டுக்குள் நுழையவே கூடாது. சம்பளத்துக்கு வழி தெரியாமல் இரவுக் காப்பகம் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உப்புவெளி ஆசிரியை:
படம் எடுப்பதைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பத்துக் கட்டில் என்றதையும் கைவிடுகிறேன். ஐயா சொன்ன ஆபத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் எட்டு மணிக்கு நாம் கதவைப் பூட்டும்போதுதான் அந்தத் தகப்பன் வீட்டுக்கு வருகிறான். சிறுவர் உதவிக்கான 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பொலிஸ் சிறுவர், பெண்கள் பணியகமும் இருக்கிறது. அடித்தல் மட்டுமன்றி, வேண்டுமென்றே கவனியாமல் விடுவதும் குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 308ஏ பிரிவு 1995 முதல் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அதிகாரியும் இருக்கிறார். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையை ஏற்கும் கைதான் ஊரில் இல்லை. பதிவு பெற்று, இரண்டே கட்டிலோடு, இரு பெண்கள் எப்போதும் சேர்ந்தே பொறுப்பாக இருக்க, நீதவானிடம் ஒப்படைக்கும்வரை மட்டும் தங்கும் இடமாக நடத்துவதில் என்ன தவறு?

நன்னடத்தைத் துறையில் இருந்தவர்:
இரண்டு கட்டில் நான்காகும், நான்கு பத்தாகும் என்ற என் அச்சம் தீரவில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளையை உறவினரிடமோ தகுந்த ஆள் ஒருவரிடமோ ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கட்டிலைத் தேடுமுன், சோதனைக்கும் பயிற்சிக்கும் உடன்படும் குடும்பங்களைத் தேடுவோம். பாலையூற்றில் எங்கள் வீட்டில் மகளின் அறை ஆளில்லாமல் இருக்கிறது. என் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நீதவான் ஏற்றால் எங்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

உப்புவெளி ஆசிரியை:
எழுதிக்கொண்டேன், ஐயா. இன்னும் நான்கு குடும்பமாவது கிடைக்கும்வரை அந்த இரண்டு கட்டிலையும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு வீட்டைத் திறக்கிறேன். பகல் நேர வேலைக்கு வரக்கூடியவர்கள் கிணறு இறைக்கும் வாளியோடு வாருங்கள். மூதூரில் இதுபோல் ஒரு வீடு பார்க்க வேண்டியதைப் பற்றியும் அங்கேயே பேசுவோம்.