பாத்திரத்தில் மார்க்கர் கறை, போகவே மாட்டேன் என்கிறது

அவசரக்காரி:
வீட்டு விசேஷத்துக்கு வாங்கிவந்த பாத்திரத்தில் சமையல்காரர் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது என்று என் தம்பி மார்க்கரால் பெயர் எழுதிவிட்டான். சோப்பு, பொடி, நார் எல்லாம் போட்டாயிற்று, அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர் பாத்திர விஷயத்தில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்:
என்ன பாத்திரம்? எவர்சில்வரா, அலுமினியமா, பித்தளையா? உள்பக்கமா வெளிப்பக்கமா?

சமையல்கட்டு:
புளியும் உப்பும் போட்டுத் தேயுங்கள் அக்கா. என் மாமியாருக்கு எதற்கும் புளிதான். பளபளவென்று வந்துவிடும்.

லேப்காரன்:
புளி பித்தளைக் களிம்பைத்தான் எடுக்கும், அது அமிலத்தின் வேலை. மார்க்கர் மை என்பது ஆல்கஹாலில் கரைத்த சாயமும் பிசினும். எழுதியதும் ஆல்கஹால் ஆவியாகிவிடும், பிசின் சாயத்தைப் பிடித்துக்கொண்டு உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஆல்கஹால் பட்டால் இளகும், அவ்வளவுதான் விஷயம். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேளுங்கள். இதை நான் எத்தனை தடவைதான் எழுதுவது, பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது.

சமையல்கட்டு:
தேட நேரமிருந்தால் ஏன் சார் இங்கே வந்து கேட்கப்போகிறார்.

சாக்பீஸ்:
கடைக்கே போகவேண்டாம். கறைமேல் ஒயிட்போர்டு மார்க்கரால் கிறுக்கி, காய்வதற்குள் துணியால் துடையுங்கள். வகுப்பில் யாராவது போர்டில் தப்பான மார்க்கரால் எழுதினால் நாங்கள் இதைத்தான் செய்வோம்.

பஸ்ஸ்டாண்ட்:
நெயில் பாலிஷ் ரிமூவர். பேச்சே இல்லை.

லேப்காரன்:
பேச்சு இருக்கிறது தம்பி. வெறும் எவர்சில்வரை ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பெயின்ட் அடித்த பீரோ, பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் கறையோடு சேர்ந்து பெயின்ட்டும் பாலிஷும் போகும். என்ன உலோகம் என்று அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் வைத்தியம்.

அவசரக்காரி:
மன்னிக்கவும், எவர்சில்வர் அண்டா. வெளிப்பக்கம்தான். அதில்தான் பாயசம் வைத்தார்கள்.

மாடித்தோட்டம்:
எழுதிய பிறகு அடுப்பில் ஏற்றினீர்களா? அதை முதலில் சொல்லியிருக்கலாமே! சூட்டில் மை இறுகியிருக்கும், ஒரு துடைப்பில் வராது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, ஆவியாகாமல் இருக்க மேலே ஒரு பாலித்தீன் துண்டை வைத்து ஊறவிடுங்கள். அப்புறம் பாலிஷ் கோடு ஓடும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்த்தால் கீறல் தெரியும். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. ப்ளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள், எவர்சில்வரில் குளோரின் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். இரும்பு நாரும் வேண்டாம், அதன் துகள் ஒட்டி நின்று துருப்பிடிக்கும்.

பழையபேப்பர்:
பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் இந்தப் பாடு உண்டா? கடையிலேயே மெஷினில் வெட்டித் தருவார்களே.

பஸ்ஸ்டாண்ட்:
பெயர் வெட்டிய பாத்திரத்தைப் பழசுக்குப் போட்டால் விலையைக் குறைக்கிறார்கள்.

பழையபேப்பர்:
எடைக்கு எடுக்கிறவனுக்குப் பெயர் எதற்கு? யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். என் பாட்டி பெயர் வெட்டிய தூக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் எந்தச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்குமோ.

சமையல்கட்டு:
பெயர் இருந்தும் எங்கள் நாத்தனார் வீட்டிலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை அண்ணா.

பஸ்ஸ்டாண்ட்:
😂 அதற்கு ஸ்பிரிட் உதவாது அக்கா.

அவசரக்காரி:
ஸ்பிரிட்டில் முக்கால்வாசி போய்விட்டது, மிச்சத்துக்கு ரிமூவர் போட்டேன், வந்துவிட்டது. நன்றி. பெரியம்மா பெயர் வெட்டியிருக்கும் இடத்தில் மட்டும் புள்ளிக் குழிக்குள் கறுப்பாக நிற்கிறது.

லேப்காரன்:
ஏற்கெனவே பெயர் வெட்டிய பாத்திரத்தின் மேலேயா மார்க்கரில் எழுதினீர்கள்?

மாடித்தோட்டம்:
பழைய டூத் பிரஷை ஸ்பிரிட்டில் தொட்டுக் குழியில் தேயுங்கள், வரும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுங்கள், வாசனை நிற்கும்.