ராமேஸ்வரத்தில் கோயிலைத் தாண்டி என்ன பார்த்தீர்கள்? கடல், காற்று, பறவை அனுபவங்களைச் சொல்லுங்கள்

பரமக்குடியான்:

அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் கிணறு, சாமி தரிசனம், மத்தியானம் வேன் பிடித்துத் தனுஷ்கோடி, ராத்திரி ரயில். பெரும்பாலான குடும்பங்களுக்கு ராமேஸ்வரம் என்றால் இவ்வளவுதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாம்பன் தீவை ஒரு தீவாகவே சுற்றியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நீந்தியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், பைனாகுலரோடு வெயிலில் காய்ந்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

என்னைக் கேட்டால், ரூம் போடுவதற்கு முன்னால் அங்கே என்ன காற்று அடிக்கிறது என்று விசாரித்துவிட வேண்டும். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஐப்பசி வாக்கில் வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கிவிட்டால் வடகடல் கலங்கிப் புரளும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) கிளம்பினால் கதை தலைகீழ். தனுஷ்கோடி வேன் டிரைவர்கள் ஒரு பக்கம் கை காட்டி "இது பெண்கடல்", இன்னொரு பக்கம் காட்டி "அது ஆண்கடல்" என்பார்கள். கச்சான் மாதங்களில் அது பொருந்தும். மார்கழியில் போய் நின்று பாருங்கள், அந்தப் பெண்கடல்தான் ஆளைப் புரட்டிப் போடும்.

ஒரு ஆடி மாதம், சொந்தக்காரப் பிள்ளைகள் பவளப்பாறை பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றார்கள். தென்கரையில் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகும். (1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய அதே குந்துகால்தான். நினைவு மண்டபம் இருக்கிறது.) போனால் படகு இல்லை. "கச்சான் இப்படி அடிக்குது, எங்க சார் போறது" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னது நியாயம்தான். கடல் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. சரி என்று வடகரைக்கு, ஓலைக்குடாப் பக்கம் வண்டியைத் திருப்பினோம். அங்கே அலையே இல்லை. வெகுதூரம் நடந்தும் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் கீழே கடற்புல் தரை. புல்லுக்கு நடுவே விரல் நீள மீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பி ஓடின. சின்னவள் எழுந்து வரவே மாட்டேன் என்றாள். பவளப்பாறையை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

நெல்லைப் பறவை:

காற்று பறவைக்காரர்களுக்கும் முக்கியம். கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் சாலையின் இரு பக்கமும் தேங்கி நிற்கிற உவர்நீர்ப் பரப்பில்தான் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இறங்கும். தை, மாசியில் போனால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. வாடை பலமாக இருக்கும் காலையில் எல்லாப் பறவையும் காற்றைப் பார்த்து ஒரே திசையில் நிற்கும். நாம் எந்தப் பக்கம் நின்றால் முகம் தெரியும், எந்தப் பக்கம் நின்றால் வால் தெரியும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது.

தூரத்தில் வெளிறிய ஒரு கோடாகத்தான் முதலில் தெரியும். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் வேறு உலகம். ஒரு பறவையை மட்டும் பிடித்துக்கொண்டு பாருங்கள். காலால் சேற்றை மாறி மாறி மிதித்துக் கலக்கும். பிறகு கழுத்தை வளைத்து, அலகின் மேல்பாகம் தரைப்பக்கம் போகும்படி தலையைக் கவிழ்த்து, கலங்கிய தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். தண்ணீர் வெளியே போகும், சின்ன இறால் வகைகளும் பூச்சிகளும் உள்ளே தங்கும். சாம்பல் நிறத்தில் சில நிற்கும். அவை வேறு சாதி இல்லை, இன்னும் நிறம் ஏறாத இளசுகள்.

2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேரைப் பெரும் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு யாரும் வேனை விட்டு இறங்குவதில்லை. நான் பார்க்கும்போதே நாலைந்து பையன்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடினார்கள். கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கிற வீடியோ வேண்டுமாம். கிடைத்தது. பறவைகள் அன்று சாயங்காலம் வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை. நெடுந்தூரம் பறந்து வந்து உடம்பு தேற்றுகிற இடத்தில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அதற்குச் சாப்பாட்டு நஷ்டம். சாலையிலேயே நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் போதும்.

பூநாரை இல்லாத மாதம் என்றாலும் ஆலாக்கள், உள்ளான்கள், உப்புக்கொத்திகள் என்று ஏதாவது இருக்கும். குளிர்காலத்தில் வகை அதிகம்.

கொங்கு அலை:

கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவது) பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். வாடைக்கு ஒரு கரை, கச்சானுக்கு ஒரு கரை என்று தீவில் வருஷத்தில் பாதிக்கு மேல் காற்று இருக்கிறது. அதனால்தான் வெளிநாட்டுக்காரர்கள்கூட மாதக்கணக்கில் வந்து தங்குகிறார்கள்.

முதல் நாளே பலகையில் ஏறிப் பறக்கலாம் என்ற கனவோடு போகாதீர்கள். முதலில் மணலில் நிற்க வைத்துச் சின்னப் பட்டத்தைக் கையில் கொடுப்பார்கள். பட்டம் தலைக்கு நேர் மேலே இருந்தால் இழுப்பு குறைவு, பக்கவாட்டில் சரிந்தால் தூக்கிக்கொண்டு போகும். இது கைக்குப் பழகுவதற்கே நேரம் எடுக்கும். அப்புறம் இடுப்புப் பட்டையில் கொக்கியை மாட்டி, பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபட விடுவார்கள். மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. அதைத் தாண்டித்தான் பலகை. காற்று கூடினால் பட்டம் சின்னதாகும், குறைந்தால் பெரிதாகும். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்றில் ஏறவே கூடாது. கை விட்டால் நேரே நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

ஒரு மனக்குறை. நான் பணம் கட்டிய இடத்தில், காற்றே இல்லாத நாளுக்கும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டார்கள். பெயர் வேண்டாம். காற்று இல்லாவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுத்த தம்பிமேல் ஒரு குறையும் கிடையாது. மீனவக் குடும்பத்துப் பையன், வானத்தைப் பார்த்தே இன்னும் அரை மணியில் காற்று விழுந்துவிடும் என்றான், விழுந்தது.

பாம்பன்காரி:

வெளியூர் ஆட்கள் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி இவ்வளவு பேசுவதைப் படிக்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. பரமக்குடி அண்ணன் சொன்னது சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாடை முடிந்து கச்சான் எழும்புவதற்கு முன்னால், பங்குனி சித்திரையில் இரண்டு கடலும் அடங்கி இருக்கும். தண்ணீர் தெளிவாக இருப்பதும் அப்போதுதான். வெயில் மண்டையைப் பிளக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். ருசி அதில்தான்.

என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். சின்னப்பாலத்துப் பெண்கள் பல பேருக்கு இதுதான் தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், பாறை அறுக்காமல் இருக்க. பாதத்தில் தகரத் தட்டைக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள், அதுதான் துடுப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கினால் கை நிறைய மரிக்கொழுந்து, கட்டக்கோரை. இடுப்பில் கட்டிய பையில் போட்டுவிட்டு அடுத்த முங்கு. ஆக்சிஜன் உருளை எல்லாம் கிடையாது. மாதம் முழுக்கவும் எடுக்க மாட்டார்கள். பாசி திரும்ப வளர வேண்டும் என்று இத்தனை நாள்தான் என்று ஊர்ப் பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்களை ஒன்று திரட்டியதற்காக எங்கள் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற தீவுப் பாதுகாப்பு அமைப்பின் விருது கிடைத்தது. கடலில் இவர்களைப் பார்த்தால் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். ஈரத்துணியோடு நிற்கிறவர்கள்.

பவளப்பாறை பார்க்க வருகிறவர்களுக்கு: மிதிக்காதீர்கள். 2016 கோடையில் கடல் சூடேறியதில் மன்னார் வளைகுடாவில் ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது. மிச்சம் இருப்பதும் புதிதாக முளைத்ததும் விரல் பட்டாலே உடையும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம். பவளத்தைத் தொட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால் தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்குப் போங்கள். 1964 டிசம்பர் புயலில் போனது போக மிஞ்சிய சுவர். அதில் வைத்துக் கட்டியதே பவளக்கல்தான். கிட்டே போய்ப் பார்த்தால் கல் முழுக்கச் சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஒரு உயிர் இருந்தது.

சேலம் சைக்கிள்:

சுருக்கமாகச் சொல்கிறேன். ராமேஸ்வரம் ஊரிலிருந்து, தனுஷ்கோடி சாலை முடிகிற அரிச்சல்முனைக்குப் போகவர நாற்பது கிலோமீட்டர் சொச்சம். மேடே இல்லை என்று மகிழ வேண்டாம். சாலை தென்கிழக்காகப் போகிறது. அதனால் வாடையும் கச்சானும் விலாவில்தான் அடிக்கும். போகும்போதும் உதவாது, வரும்போதும் உதவாது. மணல் தார் ரோட்டின் மேல் ஏறிக் கிடக்கும் இடங்களில் மெல்லிய டயர் வழுக்கும். விடியுமுன் கிளம்பி வேன்கள் வருவதற்குள் திரும்பிவிடுவது உத்தமம். 2017-ல் இந்தச் சாலை திறக்கும் முன் மணலில் உருண்டு உருண்டு போகும் வேன்தான் ஒரே வழி. அந்தக் காலத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அதில் இடுப்பு ஒடியப் போய்வந்தவர்களாக இருக்க முடியாது.

இன்னொன்று, முனையில் போன் இலங்கை சிக்னலைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

காரைக்குடி மீனாள்:

எங்களுக்கு மறக்க முடியாதது கரைவலை. தனுஷ்கோடிக் கரையில் இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் நின்று கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் "நாங்களும் பிடிக்கலாமா" என்று கேட்டார். ஒரு பெரியவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கையால இழுக்காதீங்க தம்பி, பின்னாடி சாஞ்சு இழுங்க" என்று இடம் விட்டார். அவர் சொன்னபடி குதிகாலை மணலில் ஊன்றி உடம்பைச் சாய்த்தால் ஒவ்வொரு ஏலேலோவுக்கும் ஒரு அடி வருகிறது. அவ்வளவுதான். வலை கரைக்கு வர மணிக்கணக்கில் ஆனது. மடியைப் பிரித்தபோது காரலும் சூடையும் துள்ள, நடுவே கண்ணாடியாகச் சொறி (ஜெல்லிமீன்). பிள்ளைகள் கை வைக்கப் போனதும் பெரியவர் அதட்டினார். தொட்டால் தடித்து எரியுமாம். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் இழுத்ததற்கு அந்தக் குவியல் சின்னதுதான். இருந்தும் எங்களுக்கு ஒரு கை மீன் அள்ளிப் போட்டார்கள். காசு வாங்கவில்லை.

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) குஞ்சுகளைக் கடலுக்கு விடுவதைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நாங்கள் போனபோது வனத்துறைப் பொரிப்பகத்தில் முட்டைக் குழிகளுக்கு வேலி போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார்கள். குஞ்சு இன்னும் வரவில்லை.

நெல்லைப் பறவை:

நான் பார்த்திருக்கிறேன் மீனாள் அக்கா. முட்டை பொரிய ஏறக்குறைய 50 நாள் ஆகும். பங்குனி சித்திரை விடிகாலையில் வாய்ப்பு அதிகம், முந்தின நாளே அங்கே விசாரித்துவிடுங்கள். குஞ்சுகளைக் கடலில் கொண்டுபோய்ப் போட மாட்டார்கள். தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் விடுவார்கள், அவையே நடந்து போகும். செல்போன் லைட்டை அடிக்காதீர்கள், வெளிச்சம் தெரிகிற பக்கம் திரும்பிவிடும்.

தேனி அப்பா:

பொங்கல் லீவுக்கு 6 வயசுப் பையனோடு வருகிறோம். எதைச் செய்யலாம், எதை விடலாம்?

பாம்பன்காரி:

வாடைக்காலம் அண்ணா, அதனால் தென்கரைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குந்துகால் படகு ஓடுகிறதா என்று அன்றன்று காலையில் கேளுங்கள். காற்று சரியில்லை என்று சொன்னால் அவர்களோடு வாதாடாதீர்கள். பூநாரை வந்திருக்கும், பையன் தூக்கம் கலைந்ததும் நேரே அங்கே போய்விடுங்கள். அரிச்சல்முனையில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி, கணுக்கால் அளவுகூட இறக்கிவிட வேண்டாம். இரண்டு கடலின் இழுப்பும் அங்கேதான் மோதுகிறது, காலடி மணல் சட்டென்று சரியும், நீச்சல் தெரிந்த பெரியவர்களே போயிருக்கிறார்கள். விளையாட வேண்டும் என்றால் தனுஷ்கோடிக் குடிசைகள் பக்கம் யாரையாவது கேட்டு மணலில் ஊற்று தோண்டச் சொல்லுங்கள். சுற்றிலும் உப்புக்கடல், கையால் தோண்டிய குழியில் குடிக்கிற தண்ணீர் ஊறி வரும். மழை மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே தங்குவதால் அப்படி. பையனுக்குப் பிடிக்கும்.

பசித்தால் அங்கேயே பொரித்த மீன் கிடைக்கும். நகரை, விளமீன், பாறை என்று மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். மீனைக் காட்டி, விலையைப் பேசி முடித்த பிறகு எண்ணெயில் போடச் சொல்லுங்கள். முள் அதிகம், பையனுக்கு நீங்களே பிய்த்துக் கொடுங்கள்.