மறுமொழி: கிப்பாவுக்கு ‘யூதத் தொப்பி’ வேண்டாமே

> கிப்பா, யார்முல்கே ரெண்டுக்கும் "யூதத் தொப்பி"னு போட்டுடலாம், பெண்கள் போடறதுக்கு "யூத முக்காடு". அவ்ளோதான், அடுத்த சொல்லுக்குப் போவோம்.

ஐயா, கொஞ்சம் பொறுங்க :) நாம தமிழ்ச் சொல் தேடறது யூத ஆண்கள் உச்சந்தலையில வெச்சுக்கற சின்ன வட்டக் குல்லாவுக்கு, கிப்பா, யார்முல்கே ரெண்டும் அதோட பேர்தான்.

"யூதத் தொப்பி" வேற ஒண்ணுக்கு வேணும். இடைக்கால ஐரோப்பாவுல யூதர்கள் கூம்பு மாதிரி ஒரு தொப்பி போட்டுட்டிருந்தாங்க, 1215ல நாலாவது லாத்தரன் சங்கம்னு கூடின கத்தோலிக்க திருச்சபைப் பேரவை யூதர்கள் உடையிலயே தனியா தெரியணும்னு சொன்னப்புறம் பல ஊர்கள்ல அதையே கட்டாயமாக்கிட்டாங்க, ஜெர்மன்ல அதுக்குப் பேரே யூடன்ஹூட், அதாவது அச்சு அசலா யூதத் தொப்பி. அடுத்தவன் தலையில திணிச்சதுக்கும், தானா பக்தியில வெச்சுக்கறதுக்கும் ஒரே சொல்லுன்னா வரலாறு எழுதறவங்க பாடு திண்டாட்டம்.

கிப்பா சமாச்சாரம் என்னன்னா, சாதாரண ஆண்கள் தலையை மூடணும்னு யூதர்களோட வேதமான தோராவுல நேரடியா கட்டளை கிடையாது. தல்மூத்ங்கற பழைய ரபிகளோட (மதகுருக்களோட) விவாதத் தொகுப்புல ரவ் ஹூனான்னு ஒருத்தர் வெறுந்தலையோட நாலு முழம்கூட நடக்க மாட்டாராம், ஏன்னா ஷெகினா, அதாவது கடவுளோட சாந்நித்தியம், தலைக்கு மேல இருக்கு. இன்னொரு இடத்துல ஒரு அம்மா மகன்கிட்ட "தலையை மூடிக்கோ, அப்பதான் தெய்வ பயம் இருக்கும்"ங்கற அர்த்தத்துல சொல்றாங்க. பெரியவர்கள் பழக்கமா இருந்தது மெல்ல வழக்கமாகி, 16ம் நூற்றாண்டுல யோசேப் காரோ எழுதின ஷுல்கான் ஆருக்ங்கற யூதச் சட்டத் தொகுப்புல அந்த நாலு முழம் விதியாவே வந்துடுச்சு. ஆக முக்கியம் தொப்பி இல்ல, உச்சந்தலைக்கு மேல ஒருத்தர் இருக்கார்ங்கற நினைப்பு. அதனால என் பரிந்துரை "உச்சிக்குல்லா". குல்லா ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், விளிம்பு இல்லாததுன்னும் புரியும். கறுப்பு வெல்வெட்ல ஹரேதிகள், அதாவது ரொம்ப ஆசாரமான யூதர்கள், போடறதும் சரி, மதப்பற்றோட யூத தேசியத்தையும் ஆதரிக்கற மதவழிச் சியோனிஸ்டுகள் கிளிப் குத்தி வெச்சுக்கற பின்னல் குல்லாவும் சரி, ரெண்டும் இதுல அடங்கும். போப் வைக்கறதும் இதே வடிவம்தானேன்னு கேப்பீங்க, கேளுங்க, தேவைப்பட்டா முன்னாடி "யூத" சேர்த்துக்கலாம்.

"முக்காடு" சுத்தமா ஒத்துவராது. அங்க கல்யாணமான பெண்கள் மறைக்கறது தலையை இல்ல, முடியை. டிக்கல்னு துணி கட்டறாங்க, தொப்பி போடறாங்க, ஷைட்டல்னு விக்கே வெக்கறாங்க. முடியை முடியால மறைக்கறது நமக்கு வேடிக்கையா தெரியலாம், அவங்களுக்குள்ளயே இதுல சண்டை உண்டு, ரபி ஓவாதியா யோசேப் விக் கூடவே கூடாதுன்னார், லுபாவிச்ங்கற யூதப் பிரிவோட தலைவரான ரெபி விக்தான் நல்லதுன்னார். 2004ல நடந்தது ஞாபகம் இருக்கும், நம்மாளுங்க திருப்பதியில இறக்கின முடி அந்த விக்குகள்ல இருக்குன்னு தெரிஞ்சு, வேற தெய்வத்துக்குக் காணிக்கையானதுன்னு ரபி எல்யாஷிவ் தடை சொல்ல, ஜெருசலேம்லயும் புரூக்ளின்லயும் தெருவுல போட்டு எரிச்சாங்க. அந்த செய்தியை "முக்காட்டை எரித்தனர்"னு எழுத முடியுமா? "முடிமறைப்பு"னு வெச்சா துணி, விக் எல்லாம் உள்ள வந்துடும்.

---

> "முடிமறைப்பு"னு வெச்சா

உச்சிக்குல்லாவுக்கு என் ஓட்டு, யூதத் தொப்பியை வாபஸ் வாங்கிக்கறேன் தம்பி. ஆனா முடிமறைப்புன்னா ராஜா கிரீடத்தை ஒளிச்சு வெச்ச மாதிரி கேக்குது. "கூந்தல் மறைப்பு"னு வைங்க, கூந்தல்னாலே பெண்கள்னு ஆயிடும், தனியா விளக்க வேண்டியதில்ல. விக்கை விக்னே விடுங்க, "பொய்முடி"னு யாராவது கிளம்பிடப் போறாங்க.

ஹசிதிக்ங்கற ஆசார யூதப் பிரிவு ஆண்கள் சபாத் (வார ஓய்வு நாள்) அன்னிக்கு போடற ஷ்ட்ரைமலுக்கு, அதாவது விலங்கு ரோமம் வெச்ச தொப்பிக்கு, என்ன பண்றது? மென்மயிர்னா யாருக்கும் புரியாது, நான் "ரோமத் தொப்பி"னு எழுதி வெச்சிருக்கேன், ஆட்சேபணை இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.