வியாசர்பாடியில் கொசுப்புழுக் கணக்கெடுப்பு: என்னென்ன வேண்டும்?

விலங்கியல்_வகுப்பு:
இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 40 பேர். ஐப்பசி மழை விட்டதும் வீடு வீடாகப் போக எண்ணம். உள்ளே விடுவார்களா?

டார்ச்சும்_கரண்டியும்:
மூன்று பேருக்கு மேல் போனால் வாசலோடு சரி. டார்ச், 300 மி.லி. கரண்டி, வெள்ளைத் தட்டு, பிப்பெட், பாட்டில். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை, புழுவைப் போட்டு வைக்கும் ஆல்கஹாலில் கரையும். டிரம்மை ஆட்டினாலோ நிழல் விழுந்தாலோ புழு அடியில் போய்விடும். 2, 3 நிமிடம் பொறுத்து ஓரமாக மொள்ளவும். ஃப்ரிட்ஜ் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டை மறக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

குட்டைக்குழல்:
புழுவை வைத்தே கொசு வகையைச் சொல்லலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் புழு தலைகீழாகத் தொங்கும், மூச்சுக்குழல் குட்டை. யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸுக்கு நீளம். மலேரியா பரப்பும் அனாபிலிஸுக்குக் குழலே இல்லை, நீர்ப்பரப்பில் படுத்துக் கிடக்கும். அதை மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் தேடுங்கள். புழுவை முதலில் வெந்நீரில் போட்டு, பிறகு 70% ஆல்கஹாலில் வையுங்கள். நேரடியாகப் போட்டால் சுருங்கிக் கறுத்துவிடும்.

பிரெட்டோ:
புழு இல்லாத பாத்திரங்களையும் எண்ணணும், இல்லையென்றால் எத்தனை சதவீதப் பாத்திரத்தில் புழு என்ற கணக்கே வராது. 100 வீட்டுக்குப் புழுவுள்ள பாத்திரம் எத்தனை என்பதுதான் பிரெட்டோ குறியீடு. பூட்டிய வீட்டைச் சேர்க்காதீர்கள்.

லாரித் தண்ணீர் பிடித்து வைத்தவர்களிடம் "கொட்டிடுங்கம்மா" என்று சொல்லிவிடாதீர்கள், அடுத்த வீட்டுக் கதவும் சாத்திவிடும். தட்டில் நெளியும் புழுவைக் காட்டுங்கள். டிரம் காலியானதும் உட்சுவரைத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

விலங்கியல்_வகுப்பு:
உட்சுவர் விஷயம் படிவத்தில் இல்லை. சேர்த்துவிட்டேன்.