பிளாசா ரெயாலை நினைத்து வாங்கிய கொலோன் அரை மணியில் பறந்துவிடுகிறதே, ஏன்?

ஈரக்கல்:

ஏப்ரலில் நான்கு நாள் பார்சிலோனாவில் இருந்தேன். லா ராம்ப்லா என்ற பெரிய வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் பிளாசா ரெயால் சதுக்கம். நான்கு பக்கமும் வளைவுத் தூண்கள், நடுவில் நீரூற்று, நெட்டையான பனைகள், கட்டடக் கலைஞர் கௌடி இளம் வயதில் வடிவமைத்த இரண்டு விளக்குக் கம்பங்கள். இரவில் அங்கே நிற்க இடமிருக்காது. எனக்குப் பிடித்தது காலை ஏழு மணி. தரையைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரக் கல், எங்கிருந்தோ காபி, கொஞ்சம் நேற்றைய சிகரெட். மூன்று நாளும் அதற்காகவே எழுந்து போனேன்.

கிளம்புகிற அன்று ஒரு கடையில் ஆண்களுக்கான கொலோன், அதாவது லேசான வாசனைத் திரவியம், கண்ணில் பட்டது. பெட்டி மேல் மத்தியதரைக் கடல் நகரச் சதுக்கம் ஒன்றின் படம். பெர்கமோட் (எலுமிச்சை இனப் பழம்), ஆரஞ்சுப் பூ, துளசி இன வாசனை, வெள்ளை மஸ்க் (கஸ்தூரி மாதிரியான வாசனை). யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அடித்ததும் பிரமாதம், முப்பதாவது நிமிடம் ஒன்றுமே இல்லை. அந்த ஈரக் கல்லும் இதில் துளிகூட இல்லை. போலிச் சரக்கா, இல்லை என் மூக்கில்தான் கோளாறா?

மூக்குப்பொடி:

போலி என்று அவசரப்பட வேண்டாம். கொலோன் என்றாலே நறுமண எண்ணெய் 2 முதல் 5 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் ஆல்கஹால். அதிலும் பெர்கமோட், எலுமிச்சை வகையறா எல்லாம் சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. தோலில் தங்குவது மெதுவாக ஆவியாகிற அடிச் சரக்குகள்: வெட்டிவேர் (பிரெஞ்சுக்காரர்களும் நம் சொல்லையே வாங்கி 'வெட்டிவேர்' என்கிறார்கள்), பிசின்கள், மஸ்க். உங்கள் பாட்டிலில் அடியில் மஸ்க் மட்டும்தான் போலிருக்கிறது. சில செயற்கை மஸ்க் மூலக்கூறுகள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. மற்றவர்களுக்கு மணக்கும், உங்களுக்கு வெறும் காற்று. ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு பழகிப்போவது தனிக் கதை. மூன்று மணி நேரம் கழித்து வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தர்ப்பெட்டி:

படத்தை நம்பியதுதான் தப்பு. பனை மரத்துக்கு என்ன வாசனை இருக்கிறது, பாட்டிலில் போட? ஆரஞ்சுப் பூ என்கிறார்கள்; கசப்பு ஆரஞ்சு மரங்களுக்குப் பேர்போன ஸ்பானிய ஊர் செவில்லா, அது மத்தியதரைக் கடற்கரையிலேயே இல்லை. பெர்கமோட் பெரும்பாலும் வருவது இத்தாலியின் தென்கோடி கலாப்ரியாவிலிருந்து. இப்படி நாலு ஊரைக் கலந்து ஒரு சதுக்கம் கட்டிவிடுகிறார்கள். இந்த வியாபாரம் பழசு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் வாசனை வியாபாரம் செய்த ஜொவான்னி மரியா ஃபரீனா, தன் கலவை மழைக்குப் பிந்திய இத்தாலிய வசந்தக் காலையை நினைவூட்டுவதாக அண்ணனுக்கு எழுதினார். அதை அவர் விற்றதோ ரைன் நதிக்கரையில்.

ஈரக் கல் வேண்டுமென்றால் தேட வேண்டியது 'ஜியோஸ்மின்'. நனைந்த மண்ணில் மணப்பது அதுதான், நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. மிகச் சின்ன அளவையும் மூக்கு கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கூடினால் பீட்ரூட் நெடி அடிக்கும். அதனால் ஜனரஞ்சக கொலோன்களில் அதைத் தொட மாட்டார்கள்.

வெயில்காரன்:

ஒன்று மட்டும். இயற்கையான பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்று ஒன்று உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கருந்திட்டு விழும். இப்போது பலரும் அதை நீக்கிய எண்ணெயைத்தான் சேர்க்கிறார்கள், ஆனாலும் கழுத்தில் அடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போகாதீர்கள். சட்டையின் உள்பக்கம் அடியுங்கள், வாசனையும் கூடுதல் நேரம் நிற்கும்.

ஈரக்கல்:

சோதித்தாயிற்று. காலை எட்டு மணிக்குச் சட்டையின் உள்பக்கம் அடித்தேன். பதினொன்றுக்கு மனைவி முகர்ந்து, "சோப்புப் போட்டுத் துவைத்த துணி மாதிரி நன்றாகத்தானே இருக்கிறது" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை. ஆக, மஸ்க் எட்டாத ஆள் நான்தான். கடைக்காரரை மனசுக்குள் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் இன்று விடியற்காலையில் பால்கனித் தரையைக் கழுவிவிட்டு, அது காய்வதற்குள் கைக்குட்டையில் இரண்டு அடி அடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். பத்து நிமிடம் கிட்டத்தட்ட அதே பிளாசா ரெயால். காபியும் சிகரெட்டும்தான் பாக்கி. சிகரெட்டுக்கு வீட்டில் அனுமதி இல்லை.