புதுப்பிப்பு: கடன் விகிதமும் இலாபமும் – இறுதியாண்டு ஆய்வில் கிடைத்த தீர்வு

கொழும்புப் பங்குச் சந்தை நிறுவனங்களின் கடன் விகிதம் (சொத்துகளோடு ஒப்பிடுகையில் கடன்பொறுப்பு எவ்வளவு என்பது) இலாபத்தைப் பாதிக்கிறதா என்ற என் ஆய்வில் முடிவுகள் தாறுமாறாக வருகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

“வங்கிகளை நீக்கிப் பாருங்கள் தம்பி” என்று இங்கே ஒரு அக்கா சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மக்களின் வைப்புகள் வங்கிக்குக் கடன்பொறுப்பு; அதனால் அதன் விகிதம் இயல்பாகவே மிக உயரம். வங்கி, நிதி, காப்புறுதி நிறுவனங்களை நீக்கியதும் குணகத்தின் (கடன் விகிதம் கூடும்போது இலாபம் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்று காட்டும் எண்) கூட்டல்–கழித்தல் குறியே மாறியது.

எதிர்பாராதது நிதியாண்டு. சில நிறுவனங்கள் மார்ச் 31இலும் சில டிசம்பர் 31இலும் கணக்கு முடிக்கின்றன. ரூபாய் சரிந்தது 2022 மார்ச்சில்; அதனால் அந்த மார்ச்சில் முடிந்த கணக்கில் சரிவுக்குப் பிந்திய சில வாரங்களே இருக்கும், டிசம்பரில் முடிந்ததிலோ ஆண்டின் பெரும்பகுதி இருக்கும். நானோ இரண்டு வகைக் கணக்கையும் “2022” என்று ஒரே நிரலில் போட்டிருந்தேன்! ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முடிவுத் திகதியைத் தனி நிரலில் பதிந்து பிரித்தேன். மூன்று இரவுகள் பிடித்தன. மேற்பார்வையாளர் நேற்று ஒப்பமிட்டுவிட்டார்.