900 எக்ஸாம் (பழைய பதிவு): மார்க் ஏறவே மாட்டேன் என்கிறது, சனிக்கிழமை தேர்வு, உதவி ப்ளீஸ்

வேளச்சேரி விக்கி
வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அவசரம். வருகிற சனிக்கிழமை மைக்ரோசாஃப்ட் 900 எக்ஸாம். பிராக்டிஸ் டெஸ்ட் எப்படி எழுதினாலும் அறுபது சொச்சத்தைத் தாண்டவில்லை. பிடிஎஃப் முழுக்க மனப்பாடம். ஆனாலும் கேள்வியைப் பார்த்தால் நான்கு விடையும் சரி மாதிரியே இருக்கிறது. மாத முடிவுக்குள் சர்டிபிகேட் வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என்ன படித்தால் 700 வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நன்றி.

குரோம்பேட்டை கிளவுட்
கவலையே வேண்டாம் ப்ரோ. ரீஜன், அவெய்லபிலிட்டி ஜோன் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதிகள்), விர்ச்சுவல் மெஷின் (விஎம், கிளவுடில் ஓடும் கணினி), ஸ்டோரேஜ், இந்த நான்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். இலவசக் கணக்கு ஒன்று திறந்து, ஒரு விஎம் போட்டு, நிறுத்தி, அழித்துப் பாருங்கள். கையால் செய்தது மறக்காது. நான் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

மேகலா_அட்மின்
எந்த 900 என்று யாருமே கேட்கவில்லையே? ஏஇசட் (அஸூர் கிளவுட்), எம்எஸ் (மைக்ரோசாஃப்ட் 365), எஸ்சி (பாதுகாப்பு), டிபி (டேட்டா), ஏஐ, பிஎல் (பவர் பிளாட்ஃபார்ம்) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 900 இருக்கிறது. விக்கி, எது உங்களுடையது?

பழைய எக்ஸ்சேஞ்ச்
இந்த மாதிரிப் பதிவுக்குப் பதில் போடக்கூடாது என்றுதான் நினைப்பேன், கை கேட்பதில்லை. தேர்வின் பெயரையே முழுசாக எழுதாதவர் கேள்வியை எப்படி முழுசாகப் படிப்பார்? எக்ஸ்சேஞ்ச் 2003 மெயில் சர்வர் காலத்தில் மெயில்பாக்ஸ் டேட்டாபேஸ் உடைந்தால், விடிய விடிய சர்வர் ரூம் குளிரில் உட்கார்ந்து சரிசெய்தவர்கள் நாங்கள். இப்போது பிரவுசரில் நாலு பட்டனைக் காட்டி ஃபண்டமென்டல்ஸ் என்கிறார்கள். அதிலும் அறுபதுதானா?

அம்பத்தூர் எஸ்டேட்
சார், அவர் உதவிதான் கேட்டார். சர்வர் ரூம் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

வேளச்சேரி விக்கி
எம்எஸ்தான் மேடம். ஆபீஸ் 365. எங்கள் ஹெல்ப்டெஸ்க் டீமில் எல்லோரும் அதைத்தானே எழுதுகிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள், இன்றைக்கு நைட் ஷிப்ட்.

குரோம்பேட்டை கிளவுட்
ஓ, எம்எஸ்ஸா. அப்படியென்றால் விஎம் வேண்டாம். மற்றபடி கான்செப்ட் எல்லாம் அதேதான்.

மேகலா_அட்மின்
அதேதான் இல்லை. எம்எஸ்-900இல் பொதுவான கிளவுட் அடிப்படைக்கு 5 முதல் 10 சதவீதம்தான். ஆப்களும் சேவைகளும் 45-50. பாதுகாப்பு, கம்ப்ளயன்ஸ் (விதிகளைப் பின்பற்றுவது), பிரைவசி சேர்ந்து 25-30. விலை, லைசன்ஸ், சப்போர்ட் 10-15. விக்கி, இதையெல்லாம் சொன்னால்தான் வழி சொல்ல முடியும்: நீங்கள் எழுதுவது மைக்ரோசாஃப்டின் லேர்ன் பயிற்சித் தளத்தில் இருக்கும் இலவசப் பிராக்டிஸ் அசெஸ்மென்டா, வேறு ஏதாவதா? எந்தப் பகுதியில் தப்பு அதிகம்? அந்தப் பிடிஎஃப் யார் கொடுத்தது, எந்த வருடத்தது?

கேளம்பாக்கம் பஸ் 19
என் கணிப்பு, பாடம் பிரச்சினை இல்லை, இங்கிலீஷ்தான். நானும் தமிழ் மீடியம். “எல்லா விடையும் சரி மாதிரி இருக்கிறது” என்று சொல்லும்போதே தெரிகிறது. கேள்விக்குள் “குறைந்த செலவில்”, “டெஸ்க்டாப் ஆப் வேண்டாம்” என்று ஒரு சின்ன வால் இருக்கும், அவசரத்தில் அதைத் தாண்டிவிடுவோம். தேர்வு 45 நிமிடம். நம் மொழியில் அந்தத் தேர்வு இல்லை என்று 30 நிமிடம் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் இடம் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

வேளச்சேரி விக்கி
ஏற்கனவே புக் பண்ணிவிட்டேனே.

ஷிஃப்ட் முடிஞ்சு
இவ்வளவு டென்ஷன் எதற்கு? தேர்வு நடக்கும்போதே பக்கத்து விண்டோவில் லேர்ன் தளத்தைத் திறந்து பார்க்கலாம், மைக்ரோசாஃப்டே அனுமதிக்கிறது. என் ஃப்ரெண்ட் அப்படித்தான் எழுதினான்.

பழைய எக்ஸ்சேஞ்ச்
உங்கள் ஃப்ரெண்ட் எழுதியது அசோசியேட் தேர்வாக இருக்கும். அந்த வசதி குறிப்பிட்ட வேலைப் பொறுப்புக்கான (ரோல் அடிப்படையிலான) தேர்வுகளுக்குத்தான், 900 மாதிரி ஃபண்டமென்டல்ஸுக்குக் கிடையாது. யாரோ சொன்னதை அப்படியே இங்கே கொண்டுவந்து போடாதீர்கள், அந்தப் பையன் நம்பிப் போய் உட்கார்ந்துவிடுவான்.

அம்பத்தூர் எஸ்டேட்
இந்த ஒரு முறை பெரியவர் சொல்வது சரி. இன்னொன்று, 700 என்றால் எழுபது சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆயிரத்துக்கான ஸ்கேல்டு ஸ்கோர் அது, சரியான விடைகளின் நேரடி சதவீதம் இல்லை. தப்பு விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

வேளச்சேரி விக்கி
பிரேக்கில் இருக்கிறேன். பிடிஎஃப் எங்கள் இன்ஸ்டிட்யூட் சீனியர் அண்ணா கொடுத்தது, வருடம் போடவில்லை. அதில் கேள்வி-பதில் மட்டும்தான். பிராக்டிஸ் எழுதுவது லேர்ன் தளத்தில். தப்பாகப் போனதில் நினைவில் இருப்பவை:
பிஐஎம் (அட்மின் உரிமையைத் தேவையான நேரத்துக்கு மட்டும் தருவது) வேண்டுமென்றால் எந்த லைசன்ஸ் என்பதற்கு “அஸூர் ஏடி பிரீமியம் பி2” தேடினேன், அந்த விடையே லிஸ்டில் இல்லை.
ஆபீஸ் 365 இ3, மைக்ரோசாஃப்ட் 365 இ3 என்ற லைசன்ஸ் திட்டங்கள் இரண்டும் ஒன்று என்று நினைத்துப் போட்டேன்.
கிளவுடில் விண்டோஸ் தரும் விண்டோஸ் 365, அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் இரண்டில் எது மாதாமாதம் ஒரே தொகை என்று ஒரு கேள்வி.
டீம்ஸ் சாட்டில் அனுப்பிய ஃபைல் எங்கே சேமிக்கப்படுகிறது என்று ஒன்று.
ஆடிட் ரிப்போர்ட் எங்கே கிடைக்கும் என்றும் ஒன்று.

மேகலா_அட்மின்
இதைத்தான் முதலிலேயே எதிர்பார்த்தேன். உங்கள் பிடிஎஃப் 2023க்கு முந்தையது. அந்த வருடம்தான் லாகின், பயனர் கணக்குச் சேவையான அஸூர் ஏடிக்கு மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி என்று பெயர் மாற்றினார்கள். நீங்கள் தேடிய விடை லிஸ்டில் என்ட்ரா ஐடி பி2 என்று இருந்திருக்கும். ஆபீஸ் சமூக வலையான யாமர், விவா எங்கேஜ் ஆனதும் 2023தான். கம்ப்ளயன்ஸ் பக்கம் இருந்தவை அதற்கு முந்தைய வருடமே பர்வியூ என்ற குடைக்குள் போய்விட்டன. சேவை அதே சேவை, போர்டுதான் மாறியிருக்கிறது. சேவை என்ன செய்கிறது என்று தெரிந்தவர் புதுப் பெயரைப் பார்த்தும் ஊகித்துவிடுவார். விடையின் முதல் வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது முடியாது. உங்கள் அறுபது அங்கேதான் நிற்கிறது. பிடிஎஃப்பை மூடி வையுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஆபீஸ் 365 இ3 என்றால் ஆப்கள், மெயில், ஷேர்பாயின்ட் வகையறா. மைக்ரோசாஃப்ட் 365 இ3 என்றால் அதோடு விண்டோஸ் என்டர்பிரைஸ், இன்ட்யூன் (கணினி, போன்களை நிர்வகிப்பது), என்ட்ரா ஐடி பி1 எல்லாம் சேரும். கண்டிஷனல் ஆக்சஸுக்கு (நிபந்தனை பார்த்து உள்ளே விடுவது) பி1 போதும். பிஐஎம், ஐடென்டிட்டி புரொடெக்ஷன் (சந்தேகமான லாகினைக் கண்டுபிடிப்பது) என்றால் பி2, அது இ5இல் வரும். இந்த ஒரு வரிசை மனதில் நின்றால் லைசன்ஸ் கேள்விகளில் பாதி கரைந்துவிடும்.

பிசினஸ் திட்டங்கள் தனி வரிசை, 300 பேர் வரைதான். பேசிக் என்றால் வெப், மொபைல் ஆப் மட்டும். ஸ்டாண்டர்டில் டெஸ்க்டாப் ஆப் வரும். பிரீமியத்தில் இன்ட்யூனும் பாதுகாப்பும் சேரும். ஆப்ஸ் ஃபார் பிசினஸ் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆப் உண்டு, மெயில்பாக்ஸ் கிடையாது. கேள்வியில் “300”, “மெயில்”, “டெஸ்க்டாப்” என்ற சொற்களைத் தேடுங்கள். பஸ் 19 சொன்ன வால் இதுதான்.

விண்டோஸ் 365 ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான தொகை. அஸூர் விர்ச்சுவல் டெஸ்க்டாப் ஓடுகிற அளவுக்குப் பணம். டீம்ஸில் சாட்டில் போட்ட ஃபைல் அனுப்பியவரின் ஒன்டிரைவில் போய் உட்காரும். சேனலில் போட்டது அந்த டீமின் ஷேர்பாயின்டில். ஹெல்ப்டெஸ்கில் இருக்கிறீர்கள், “ஃபைலைக் காணோம்” என்று நாளைக்கு ஒருவர் கூப்பிடும்போது இதுவே உதவும். ஆடிட் ரிப்போர்ட்டுக்கு சர்வீஸ் டிரஸ்ட் போர்ட்டல். உங்கள் நிறுவனம் விதிகளை எந்த அளவுக்குப் பின்பற்றுகிறது என்ற ஸ்கோருக்கு கம்ப்ளயன்ஸ் மேனேஜர். சேவை இப்போது டவுனா என்று பார்க்க சர்வீஸ் ஹெல்த், இனி வரப்போகும் மாற்றத்துக்கு மெசேஜ் சென்டர். இந்த இரட்டைகளைத்தான் குழப்பிக் கேட்பார்கள்.

லைசன்ஸ் மேல் மட்டும் விழுந்து கிடக்காதீர்கள், அதன் பங்கு சின்னது. பாதுகாப்புப் பகுதியைக் குறிவையுங்கள். பிராக்டிஸில் ஒவ்வொரு விடைக்கும் கீழே விளக்கமும் இணைப்பும் வரும். தப்பானதை மட்டும் அல்ல, ஊகித்துச் சரியானதையும் திறந்து படியுங்கள்.

குரோம்பேட்டை கிளவுட்
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். கான்செப்ட்.

பழைய எக்ஸ்சேஞ்ச்
பிடிஎஃப் விநியோகிக்கிற “சீனியர் அண்ணா”வைப் பற்றி யாரும் பேசவில்லை. டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) வைத்து எழுதுவது தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்கிற விதிக்கே விரோதம். பிடிபட்டால் சர்டிபிகேட்டை ரத்து செய்யலாம். இப்படி வாங்கியவர்கள்தான் இன்டர்வியூவில் ரிடென்ஷன் லேபிளுக்கும் சென்சிட்டிவிட்டி லேபிளுக்கும் வித்தியாசம் கேட்டால் விழிக்கிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்
கேட்டதற்கு நீங்களே சொல்லிவிடலாமே சார், தம்பிக்குப் பயன்படும். எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்கலாம் என்பது ரிடென்ஷன். யார் திறக்கலாம், என்கிரிப்ட் செய்ய வேண்டுமா என்பது சென்சிட்டிவிட்டி. விக்கி, வேறொன்று. ஐடி கார்டில் இருக்கிற பெயரும் லேர்ன் புரொஃபைலில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று பார்த்தீர்களா? என்னுடன் வேலை செய்பவரை இதே காரணத்துக்காக ஒரு மையத்தில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

வேளச்சேரி விக்கி
புரொஃபைலில் லாஸ்ட் நேம் கட்டாயம் கேட்டது, இனிஷியலை மட்டும் போட்டேன். ஐடியில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. பிரச்சினையா?

ஷிஃப்ட் முடிஞ்சு
அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் ப்ரோ.

கேளம்பாக்கம் பஸ் 19
பார்ப்பார்கள். கொண்டுபோகிற ஐடியில் இருப்பது போலவே போட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, நம் ஊரில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

சைதாப்பேட்டை சாந்தி
நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். எனக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு சில அட்டைகளில் கணவர் இனிஷியல். லாஸ்ட் நேம் பெட்டியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. குடும்பப் பெயர் இல்லாதவர்கள் இத்தனை கோடிப் பேர் இருக்கிறோம், இனிஷியல் என்று தனிப் பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பழைய எக்ஸ்சேஞ்ச்
உலகம் முழுக்க ஒரே ஃபார்ம். உங்களுக்காக மாற்ற மாட்டார்கள். பேசாமல் அப்பா பெயரை விரித்து எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சைதாப்பேட்டை சாந்தி
விரித்து எழுதினால் வருகிற மெயில் எல்லாம் “டியர்” போட்டு அப்பாவைக் கூப்பிடுகிறது சார். அவர் ரிட்டயர் ஆகி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு எதற்கு கிளவுட் சர்டிபிகேட்?

குரோம்பேட்டை கிளவுட்
என் சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால் வந்து பெயர் பின்னால் போய்விட்டது. எச்ஆர் அது வேறு ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்
சண்டை அப்புறம். விக்கி, இன்றைக்கே சப்போர்ட்டுக்கு எழுதிப் பெயரை ஐடியில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள், மாறியது பதிவிலும் வந்துவிட்டதா என்று பாருங்கள். அதற்குள் வராவிட்டால் தேதியைத் தள்ளுங்கள். கடைசி 24 மணி நேரத்துக்குள் போய்விட்டால் கட்டிய பணம் திரும்பாது.

மேகலா_அட்மின்
தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. முதல் முறைக்கு அப்புறம் 24 மணி நேரம் கழித்து மறுபடி எழுதலாம். இரண்டாவதும் போனால்தான் 14 நாள் இடைவெளி. மறுபடி பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து எழுதுவதா, மையமா என்று இன்னும் சொல்லவில்லையே?

சைதாப்பேட்டை சாந்தி
வேளச்சேரி என்றால் மையமே மேல். வீட்டில் எழுதும்போது அறைக்குள் வேறு யாராவது வந்தாலே தேர்வை நிறுத்திவிடுவார்கள். கரண்ட் நம் பேச்சைக் கேட்காது, பக்கத்து வீட்டு டைல்ஸ் வேலையும் கேட்காது.

ஷிஃப்ட் முடிஞ்சு
வீட்டிலிருந்து எழுதுவதானால் கம்பெனி லேப்டாப் வேண்டாம். விபிஎன், ஃபயர்வால் எல்லாம் சேர்ந்து சிஸ்டம் டெஸ்டையே ஓட விடாது. இதை நானே பார்த்தேன், ஃப்ரெண்ட் சொன்னது இல்லை.

மேகலா_அட்மின்
விக்கி?

அம்பத்தூர் எஸ்டேட்
நைட் ஷிப்ட், தூங்கியிருப்பார்.

வேளச்சேரி விக்கி
பாஸ். 700க்குக் கொஞ்சம் மேலே. பெயர் மாற லேட் ஆனதால் தேதி தள்ளினேன், மையத்தில்தான் எழுதினேன். டீம்ஸ் ஃபைல் கேள்வி வேறு மாதிரி வந்தது. எல்லோருக்கும் நன்றி. இது எத்தனை வருடத்துக்குச் செல்லும்? மேனேஜர் கேட்கிறார்.

மேகலா_அட்மின்
வாழ்த்துகள். ஃபண்டமென்டல்ஸ் சர்டிபிகேட் காலாவதி ஆகாது, வருடா வருடம் புதுப்பிக்கத் தேவையில்லை. மேனேஜருக்கு ஸ்கோர் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், லேர்ன் புரொஃபைலிலிருந்து பகிரும் இணைப்பை அனுப்புங்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச்
அடுத்து எம்டி-102, கம்பெனி கணினிகளை நிர்வகிப்பவர்களுக்கான தேர்வு, அதைப் படிக்கட்டும். அதுதான் வேலைக்கு ஆகும்.